மூளையின் தடுப்புக் கட்டை: ஐஸ், கொக்கெயின் ஆகியவை அடக்கும் கலங்களை என்ன செய்கின்றன?

"அவனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை. நினைச்சால் விடலாம், விடமாட்டன் எண்டு நிக்கிறான்."

எம்மவர் வீடுகளில் போதைப்பொருள் பற்றிய பேச்சு எழும்போது அநேகமாக முதலில் வரும் வசனம் இது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இதே வசனத்தைக் கேட்கலாம், யாழ்ப்பாணத்துடன் தொலைபேசியில் கதைக்கும்போதும் கேட்கலாம். இந்த வசனத்தில் பாதி உண்மை உண்டு. போதைப்பொருளுக்கு அடிமையானவரிடம் குறைந்திருப்பது கட்டுப்பாடுதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்று கேட்டால், பதில் குணத்தையோ வளர்ப்பையோ விட்டு நரம்புக்கலங்களுக்குள் போய் நிற்கிறது. கட்டுப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட கலங்கள் மூளையில் இருக்கின்றன. ஐஸ் என்று அழைக்கப்படும் மெதம்பெற்றமின், கொக்கெயின் போன்ற ஊக்கிப் போதைப்பொருட்கள் அந்தக் கலங்களின் தொழிற்பாட்டையே மாற்றுகின்றன. எப்படி மாற்றுகின்றன என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. அதைத் தமிழில், வீட்டில் உள்ளவர்கள் வாசிக்கக்கூடியதாக எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடக்கும் கலங்கள்

மூளையில் ஒரு நரம்புக்கலம் இன்னொரு நரம்புக்கலத்துக்குச் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகையானவை. ஒன்று "எழும்பு, செய்தியை அனுப்பு" என்பது. மற்றது "பேசாமல் இரு" என்பது. ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு முதலாவது அருட்டல் என்றும் இரண்டாவது நிரோதிப்பு என்றும் ஞாபகம் இருக்கலாம். அருட்டும் செய்தியைக் கொண்டுபோகும் முக்கியமான இரசாயனம் குளுட்டமேற். அடக்கும் செய்தியைக் கொண்டுபோவது காபா என்னும் சிறிய அமினோ அமிலம்.

காபா மூளையில் இருப்பதை 1950ஆம் ஆண்டு அமெரிக்காவில் யூஜின் ரொபேட்ஸ் கண்டறிந்தார். அது ஒரு கழிவுப்பொருளா, செய்தி சொல்லும் பொருளா என்ற விவாதம் அதன் பின்னரும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அடக்குவது என்றால் வேலையைக் கெடுப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அடக்கும் கலங்கள் இல்லாவிட்டால் மூளை வேலையே செய்யாது. எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினால் வருவது சிந்தனை அல்ல, வலிப்பு.

இதற்கு எங்கள் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. எட்டி மரம். அதன் விதையில் உள்ள ஸ்ரிக்னின் என்னும் நஞ்சு செய்வது ஒரே ஒரு வேலைதான். முள்ளந்தண்டிலும் மூளைத்தண்டிலும் காபாவைப் போலவே அடக்கும் செய்தி சொல்லும் கிளைசீன் என்ற இரசாயனத்தின் வாங்கிகளை அது அடைத்துவிடுகிறது. புதிதாக எந்தச் சக்தியையும் அது கொடுப்பதில்லை, தடுப்பை மட்டும் எடுத்துவிடுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் இது ஒரு ஊக்க மருந்தாகக் கருதப்பட்டது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் தோமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு அவரது உதவியாளர்கள் வழியிலேயே ஸ்ரிக்னினும் முட்டை வெள்ளைக்கருவும் பிராண்டியும் கொடுத்தார்கள். அவர் வென்றார். கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டு போகவேண்டிய நிலையில் எல்லைக்கோட்டைக் கடந்தார். கொஞ்சம் கூடியிருந்தால் உடல் முழுவதும் வில்லாக வளைந்து, மூச்சு நின்று இறந்திருப்பார். தடுப்பைக் கழற்றினால் வேகம் வருவது போலத் தோன்றும். வேகமும் விபத்தும் ஒரே கழற்றலில்தான் வருகின்றன.

காபா தன் செய்தியை இரண்டு வகை வாங்கிகள் மூலம் சொல்கிறது. முதலாவது ஏ வகை. காபா வந்து தொட்டவுடன் ஒரு வாசல் திறந்து குளோரைட்டு அயன்கள் கலத்துக்குள் பாய்கின்றன. கலம் ஆயிரத்தில் சில பங்கு செக்கனுக்குள் அடங்குகிறது. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் டயசிபாம், லொராசிபாம் போன்ற மருந்துகள் இந்த வாங்கிக்குத்தான் கை கொடுக்கின்றன. மதுவும் ஒரு பகுதி இங்கேதான் வேலை செய்கிறது.

இரண்டாவது பி வகை. இது மெதுவானது, ஆனால் நின்று பிடிப்பது. இந்த வாங்கி நேரடியாக வாசலைத் திறப்பதில்லை. கலத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு புரதத்தைத் தட்டி எழுப்ப, அந்தப் புரதம் போய்ப் பொட்டாசியம் வாசல்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, கலம் நீண்ட நேரம் அமைதியாகிறது. கார் ஓட்டுபவர்களுக்குச் சொல்வதானால், ஏ வகை காலால் மிதிக்கும் பிரேக், பி வகை இறக்கத்தில் கியரைக் குறைத்து வண்டியை அடக்குவது. ஊக்கிப் போதைப்பொருட்கள் பற்றிய கதையில் அதிகம் வருவது இந்த இரண்டாவதுதான்.

முதல் தடவை என்ன நடக்கிறது

கொக்கெயின் தென் அமெரிக்கக் கோக்கா இலையிலிருந்து 1860இல் ஜேர்மனியில் பிரித்தெடுக்கப்பட்டது. அம்பெற்றமின் 1887இலும் மெதம்பெற்றமின் 1893இல் யப்பானில் நாகாய் நாகயோஷி என்பவராலும் ஆக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படையினருக்குப் பேர்விற்றின் என்ற பெயரில் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டதும் இதே மெதம்பெற்றமின்தான். இன்று ஊரில் ஐஸ் என்று விற்கப்படுவது அதன் பளிங்கு வடிவம்.

இவை காபாவை நேரடியாகத் தொடுவதில்லை. முதலில் தொடுவது டோபமினை. ஒரு கலம் வெளியிட்ட டோபமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் பம்பியைக் கொக்கெயின் அடைத்துவிடுகிறது. மெதம்பெற்றமின் இன்னும் ஒரு படி மேலே போய், கலத்துக்குள் புகுந்து, சேமிப்புப் பைகளில் இருந்த டோபமினை வெளியே கொட்டச் செய்து, அதே பம்பியைப் பின்னோக்கி ஓடவைக்கிறது. ஐஸின் வேகம் பல மணி நேரம் நீடிக்கிறது, கொக்கெயினின் வேகம் சீக்கிரம் இறங்குகிறது.

டோபமின் இன்பத்தைத் தரும் பொருள் என்று பத்திரிகைகளில் எழுதப்படுவது முழுச் சரியல்ல. "இது முக்கியம், இதைத் திரும்பச் செய்" என்று மூளைக்குச் சொல்லும் பொருள் என்பதே கூடிய பொருத்தம். அந்த டோபமினைச் செய்யும் கலங்களில் பெரும் பகுதி நடுமூளையில், வி.ரி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சிறு இடத்திலும் அதன் அயலிலும் இருக்கின்றன. அந்த வி.ரி.ஏ.யில் டோபமின் கலங்கள் மட்டும் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காபாக் கலங்கள். அவை டோபமின் கலங்களுக்குப் பக்கத்திலேயே இருந்து அவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் காபாக் கலங்களின் மேற்பரப்பிலும் பி வகை வாங்கிகள் இருக்கின்றன. அதாவது அடக்குபவரையும் அடக்க ஒரு ஏற்பாடு உண்டு.

இது குழப்பமாக இருந்தால் பழைய பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள்தான் டோபமின் கலங்கள். அவர்களைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் மொனிற்றர்தான் காபாக் கலம். மொனிற்றர் அளவுக்கு மீறி அதட்டாமல் பார்த்துக்கொள்ளும் ரீச்சர்தான் மொனிற்றரின் மேல் உள்ள பி வகை வாங்கி. இப்போது ரீச்சரை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினால் என்ன நடக்கும்? மொனிற்றர் இன்னும் கூடுதலாக அதட்டுவார். பிள்ளைகள் இன்னும் அடங்குவார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சோல்க் நிறுவனத்தில் போல் ஸ்லெசிஞ்சரின் ஆய்வுக் குழு 2012இல் எலிகளில் கண்டது இதைத்தான். ஒரே ஒரு தடவை மெதம்பெற்றமின் அல்லது கொக்கெயின் ஊசி போடப்பட்டது. மறுநாள் பார்த்தபோது வி.ரி.ஏ.யின் காபாக் கலங்களில் பி வகை வாங்கி மூலமான அடக்கும் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோதும் அது முழுமையாகத் திரும்பவில்லை. போதைப்பொருள் உடலை விட்டு எப்போதோ போய்விட்டது, ஆனால் அது தொட்டுவிட்டுப் போன இடம் பழைய நிலைக்கு வரவில்லை.

எப்படி நடக்கிறது என்பதையும் அவர்கள் தேடினார்கள். வாங்கிப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பொசுபேற்று ஒன்று ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை வாங்கி கலத்தின் மேற்பரப்பில் நிலையாக நிற்கும். போதைப்பொருளுக்குப் பின் ஒரு நொதியம் அந்தப் பொசுபேற்றைக் கழற்றிவிடுகிறது. வாங்கியும் அதனுடன் சேர்ந்த பொட்டாசியம் வாசலும் மேற்பரப்பிலிருந்து கலத்துக்கு உள்ளே இழுக்கப்படுகின்றன. வெளியே காபா வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்க ஆளில்லை. அந்த நொதியத்தை ஆய்வுகூடத்தில் தடுத்தபோது மின்னோட்டம் திரும்பி வந்தது. ஆகவே இது கலம் செத்துப்போன சேதமல்ல. ஒரு ஆளி தவறான பக்கம் தட்டப்பட்டிருக்கிறது.

இந்த முடிவைப் பற்றி எழுதும்போது அந்த ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. முதல் தாக்குதலுக்குப் பின் மொனிற்றர் கூடுதலாக அதட்டுகிறார் என்றால், டோபமின் கலங்கள் கூடுதலாக அடக்கப்படுகின்றன. அதாவது இது மூளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் எதிர் முயற்சியாக இருக்கலாம்.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை

மூளையில் ஒரு பக்கம் நடப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. 2011இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெவின் விக்மன் குழு, ஒரு தடவை கொக்கெயின் கொடுத்த எலிகளின் டோபமின் கலங்களையே நேரடியாகப் பார்த்தது. அங்கேயும் அதே பி வகை அடக்கும் ஓட்டம் பலவீனமாகியிருந்தது. இங்கே விளைவு மறுபக்கமானது. இந்த முறை பிள்ளைகளுக்குத்தான் காது கேட்கவில்லை. இதற்கும் பத்து வருடங்களுக்கு முன்னர், 2001இல், ஒரே தடவை கொடுத்த கொக்கெயின் டோபமின் கலங்களுக்கு வரும் அருட்டும் இணைப்புகளை வலுவாக்கி, அந்த மாற்றம் ஐந்து நாட்களுக்கு நிலைப்பதாக ரொபேட் மலெங்காவும் சக ஆய்வாளர்களும் காட்டியிருந்தார்கள். ஒரு தடவைதான் என்று சொல்லித் தரப்படும் அந்த ஒரு தடவைக்குப் பின்னால், வாகனத்தின் கியரும் பிரேக்கும் அக்சிலரேற்றரும் ஒரே நேரத்தில் மாற்றியமைக்கப்படுகின்றன என்பதுதான் இவற்றின் சாரம்.

தொடர்ந்து எடுக்கும்போது நிலைமை வேறு. 2005இல் மு-மிங் பூ குழு, நாட்கணக்கில் கொக்கெயின் கொடுத்த எலிகளில் டோபமின் கலங்களின் மேல் இருந்த வேகமான ஏ வகை அடக்கல் குறைந்திருப்பதைக் கண்டது. அடக்கல் குறைந்ததால் அந்தக் கலங்களில் புதிய பழக்கம் பதிவது இலகுவாகிவிட்டது. மண் ஈரமாக இருக்கும்போது சில்லுத்தடம் ஆழமாகப் பதிவது போல. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு வேறொரு பாதையைக் காட்டியது. இன்ப மையம் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் பகுதியிலிருந்து வி.ரி.ஏ.க்கு வரும் காபா இழைகள், மொனிற்றர் கலங்களை அடக்கும் வலிமையைத் தொடர் கொக்கெயினால் கூட்டிக்கொள்கின்றன. மொனிற்றரின் வாய் கட்டப்படுகிறது. முதல் தடவையில் இருந்த அந்தத் தற்காப்பு இப்போது தோற்றுப்போகிறது. பிள்ளைகளுக்கு இனி யாரும் இல்லை.

அதே 2013இல் விக்மன் குழு மூளையின் முன்பகுதியையும் ஆராய்ந்தது. தீர யோசித்து முடிவெடுப்பது, ஆசையைத் தள்ளிப்போடுவது, பின்விளைவைக் கணக்கிடுவது எல்லாம் நடக்கும் இடம் அது. தொடர்ந்து கொக்கெயின் பெற்ற எலிகளில் அந்தப் பகுதியின் பெரிய கலங்களிலும் பி வகை அடக்கல் குறைந்திருந்தது. இக்கட்டுரையின் முதல் வரியில் வந்த மனக்கட்டுப்பாடு என்ற சொல்லை எங்காவது ஒரு இடத்தில் சுட்டிக்காட்ட வேண்டுமென்றால், அந்த முன்பகுதியையே காட்டவேண்டும்.

இவை எல்லாம் எலிகள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிரோடுள்ள மனிதரின் ஒரு தனிக் கலத்தில் மின்முனையைச் செருகிப் பார்க்க முடியாது. ஆனாலும் மறைமுகமான சான்றுகள் உள்ளன. 1998இல் நோரா வொல்கோவ் குழு, கொக்கெயின் பாவிப்பவர்களுக்கும் பாவிக்காதவர்களுக்கும் லொராசிபாம் கொடுத்து மூளைப் படம் எடுத்தது. ஏ வகை வாங்கிக்குக் கை கொடுக்கும் மருந்து என்று மேலே சொன்னது இதைத்தான். பாவிப்பவர்களின் மூளை அந்த மருந்துக்குக் கூடுதலாக அடங்கியது, அவர்களுக்குத் தூக்கமும் கூட வந்தது. அவர்களின் அடக்கும் அமைப்பு மற்றவர்களுடையது போல இல்லை என்பதற்கு அது ஒரு அடையாளம்.

மீண்டு வருமா? இதைத்தான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். மெதம்பெற்றமின் பாவித்து நிறுத்தியவர்களின் மூளையை அதே குழு 2001இல் படமெடுத்து வெளியிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் விலகியிருந்தவர்களில் டோபமின் பம்பிகள் குறிப்பிடத்தக்க அளவு திரும்ப வளர்ந்திருந்தன. ஆனால் ஞாபகம், கை அசைவு போன்ற பரீட்சைகளில் அதே அளவு முன்னேற்றம் வரவில்லை. எனவே "வரும், ஆனால் மாதக்கணக்கில், ஒரே சீராக அல்ல" என்பதே நேர்மையான பதில். மூன்று கிழமை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்ற எம்மவரின் எதிர்பார்ப்பு இந்தக் கால அளவுடன் பொருந்துவதில்லை. நான்காவது கிழமையில் பிள்ளை திரும்பவும் விழும்போது அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் சண்டைகள் பல.

பிளேன்ரீயும் பாக்கும்

ஊக்கிகள் என்றவுடன் எங்கள் வீட்டுக் கேத்திலையும் வெற்றிலைத் தட்டையும் விட்டுவிட முடியாது. காலையில் குடிக்கும் பிளேன்ரீயில் உள்ள கபீன் ஒரு ஊக்கிதான். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, கலங்களை மெல்ல அடக்கித் தூக்கத்தை வரவழைக்கிறது. கபீன் அந்த அடினோசினின் வாங்கியில் போய்க் குந்திக்கொள்கிறது. அதாவது தேநீரும் ஒரு அடக்கும் செய்தியை மறித்துத்தான் எங்களை எழுப்புகிறது. அளவு சிறிது, டோபமின் வெள்ளம் இல்லை என்பதால் அது தேநீராகவே நிற்கிறது.

பாக்கின் கதை இன்னும் சுவையானது. பாக்கில் உள்ள குவாசின் என்ற பொருள், வெளியிடப்பட்ட காபாவைக் கலங்கள் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கும் என்பது 1970களில் தெரியவந்தது. குவாசின் தானாக மூளைக்குள் இலகுவில் நுழையாது. ஆனால் அதன் வடிவத்தை வைத்து வேதியியலாளர்கள் படிப்படியாக மாற்றி ஆக்கிய தயகபின் என்னும் மருந்து இன்று வலிப்பு நோய்க்குப் பயன்படுகிறது. பாக்கு நல்லது என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட வேண்டாம். பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே உறுதிப்படுத்திவிட்டது.

ரிட்டலின் ஐஸா?

வெளிநாடுகளில் பாடசாலையிலிருந்து கடிதம் வந்து, பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று வைத்தியர் சொல்லி, மருந்துச் சீட்டைக் கையில் தந்தவுடன் பல வீடுகளில் ஒரு பயம் தொடங்குகிறது. இணையத்தில் தேடினால் "இது அம்பெற்றமின் குடும்பம்" என்று வருகிறது. உடனே மாத்திரை குப்பைக்குப் போகிறது. வைத்தியருக்குச் சொல்வதுமில்லை.

ரிட்டலின் என்பது மெதைல்பெனிடேற். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியான்ட்ரோ பனிசோன் 1944இல் ஆக்கியது. அவரது மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. மருந்தின் பெயர் அங்கிருந்து வந்தது. இது கொக்கெயின் அடைக்கும் அதே டோபமின் பம்பியைத்தான் அடைக்கிறது. அந்த அளவில் பெற்றோரின் சந்தேகம் அடிப்படையற்றது அல்ல.

வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. கொக்கெயினைப் புகைத்தாலோ ஊசியால் ஏற்றினாலோ சில நிமிடங்களில் மூளையில் உச்சத்தை அடைகிறது. மாத்திரையாக விழுங்கிய மெதைல்பெனிடேற் உச்சத்தை அடைய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கிறது. மூளை அடிமைப்படுவது பெரும்பாலும் அந்தத் திடீர் ஏற்றத்துக்குத்தான். மேலே சொன்ன ஆய்வுகளில் எலிகளுக்குக் கொடுத்தது ஊசியாக, அதிக அளவில். அவற்றை அப்படியே எட்டு வயதுப் பிள்ளையின் காலை மாத்திரைக்குப் பொருத்துவது தவறு. சிறுவயதில் இந்த மருந்தெடுத்த பிள்ளைகள் பின்னாளில் போதைப்பொருளுக்கு அடிமையாகும் வாய்ப்பு அதனால் கூடவில்லை என்று, பல நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013இல் செய்யப்பட்ட பகுப்பாய்வு சொல்கிறது. பசி குறைவது, நித்திரை குழம்புவது, சிலரில் இதயத் துடிப்புக் கூடுவது எல்லாம் உண்மையான பக்கவிளைவுகள். அவற்றை வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றலாம்.

கவனிக்க வேண்டிய ஆபத்து வேறிடத்தில் உள்ளது. அதே மாத்திரையைப் பரீட்சைக் காலத்தில் பல்கலைக்கழக நண்பர்களுக்குக் கொடுப்பதும், அதைப் பொடியாக்கி மூக்கால் உறிஞ்சுவதும். அப்போது மெதுவான மருந்து வேகமான போதைப்பொருளாக மாறிவிடுகிறது. மாத்திரையைப் பூட்டி வைத்து எண்ணிக் கொடுப்பது நம்பிக்கையின்மை அல்ல.

தடுப்பைத் திருத்தும் மருந்து உண்டா

காபாவின் பி வகை வாங்கியை நேரடியாக இயக்கும் மருந்து ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பக்லோபென். அதுவும் சீபாவில் 1962இல் ஆக்கப்பட்டது. ரிட்டலினும் பக்லோபெனும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கப்பட்டுவந்த இந்த மருந்தைப் பிரான்சில் இதய வைத்தியரான ஒலிவியே அமெய்சன் தன் சொந்த மதுப் பழக்கத்துக்கு எடுத்து, அதைப் பற்றி 2008இல் புத்தகம் எழுதினார். பெரிய விவாதத்துக்குப் பின் 2018இல் பிரான்ஸ் மதுவுக்கு அதை அனுமதித்தது. கொக்கெயினுக்கும் பரிசோதித்தார்கள். சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது, பெரிய ஆய்வு கைவிட்டுவிட்டது. வகுப்பறையை மீண்டும் நினைத்தால் காரணம் விளங்கும். பக்லோபென் ரீச்சருக்கும் உதவும், பிள்ளைகளையும் நேரே அதட்டும், மூளையின் மற்ற எல்லா வகுப்புகளுக்குள்ளும் போகும். ஒரு இடத்தை மட்டும் தேர்ந்து தொட அதற்குத் தெரியாது.

கொக்கெயினுக்கோ மெதம்பெற்றமினுக்கோ அடிமையானவரைக் குணப்படுத்தும் என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து அமெரிக்காவில் இன்னும் இல்லை. 2021இல் அமெரிக்காவில் 403 பேருடன் நடந்த ஆய்வில் நல்ற்றெக்சோன் ஊசியும் புப்புறோப்பியன் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது 13.6 வீதமானவர்களில் பலன் தெரிந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 2.5 வீதம். சிறிய முன்னேற்றம்தான். இன்றுவரை கூடிய பலன் தந்திருப்பது மருந்தே அல்ல. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று வரும் ஒவ்வொரு தடவையும் சிறு பரிசு அல்லது கூப்பன் கொடுக்கும் சிகிச்சை முறை அது. கேட்டவுடன் எங்கள் பெரியவர்கள் சிரிப்பார்கள், "குடிக்காமல் இருக்கக் காசு குடுக்கிறதோ?" என்று. ஆனால் தூரத்து நன்மையைக் கணக்கிடும் பகுதி பலவீனமாகிவிட்ட மூளைக்கு, இன்றைக்கே கையில் கிடைக்கும் சிறு நன்மை ஒரு பிடிமானம். திட்டும் அழுகையும் அந்த வேலையைச் செய்வதில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"ஊருக்கு அனுப்பினால் திருந்திவிடுவான்" என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். ஊரிலும் ஐஸ் இருக்கிறது. 2022இல் இலங்கையில் ஐஸ் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை வரை விதிக்கக்கூடியதாகச் சட்டம் திருத்தப்பட்டது. பழக்கமில்லாத சட்டம், பழக்கமில்லாத பொலிஸ், பக்கத்தில் சிகிச்சை இல்லை, பிள்ளைக்கு ஒரு நண்பனும் இல்லை. இங்கே குடும்ப வைத்தியரிடம் போவதைவிட அது பாதுகாப்பானதாக எனக்குத் தெரியவில்லை. வைத்தியரிடம் சொன்னால் பொலிசுக்குப் போய்விடும், விசா பறிபோய்விடும் என்ற பயமே பலரைத் தடுக்கிறது. கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் நோயாளி தான் போதைப்பொருள் பாவிப்பதாகச் சொல்வது மருத்துவ இரகசியமாகவே கையாளப்படுகிறது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆனால் தெரிந்த அண்ணரையோ கோயில் நிர்வாகத்தில் உள்ளவரையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வைத்தியசாலையே ஏற்பாடு செய்யும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அவசர நிலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உடல் நெருப்பாகச் சுடும், நெஞ்சு வலிக்கும், தாங்கமுடியாத பதற்றம், யாரோ துரத்துகிறார்கள் என்ற பயம், வலிப்பு. இவற்றில் எதுவானாலும் நித்திரை கொண்டால் சரியாகும் என்று கதவைச் சாத்தி விடாதீர்கள். கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, அவுஸ்திரேலியாவில் 000, ஐரோப்பாவில் பொதுவாக 112. வைத்தியசாலையில் பெரும்பாலும் முதலில் கொடுப்பது லொராசிபாம் அல்லது டயசிபாம் வகை மருந்து. கழன்றுபோன தடுப்பை, காபாவின் ஏ வகை வாங்கி வழியாகத் தற்காலிகமாகத் திரும்பப் போடுவதுதான் அது. அந்த மருந்தை நீங்களே வீட்டில் கொடுக்கவேண்டாம். கூடவே என்ன எடுத்திருக்கிறார் என்று தெரியாத நிலையில் மூச்சு நின்றுவிடலாம்.

கொக்கெயினுடன் மது சேர்ந்தால் ஈரல் அவ்விரண்டையும் சேர்த்துக் கோக்காஎதிலீன் என்ற மூன்றாவது பொருளை ஆக்குகிறது. அது கொக்கெயினைவிட நீண்ட நேரம் உடலில் நின்று இதயத்தைத் தாக்கும். பிறந்தநாள் விழாக்களில் இந்த இரண்டும் ஒன்றாகப் புழங்குவதை இளையோர் இரகசியமாகவே வைத்திருக்கிறார்கள்.

கனடாவில் உள்ளவர்களுக்கு இன்னொன்று. அங்கே தெருவில் விற்கும் கொக்கெயினிலும் ஐஸிலும் ஃபெண்டனில் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஊக்கி எடுத்தவர் துள்ளவேண்டும். அதற்கு மாறாக நீலம் பாய்ந்து, மூச்சு மெதுவாகி, தட்டினாலும் எழும்பாமல் கிடந்தால் அது ஃபெண்டனிலாக இருக்கலாம். அதற்கு நலொக்சோன் வேலை செய்யும். ஒன்ராறியோவில் பல மருந்தகங்களில் நலொக்சோன் பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது. 911ஐ அழைத்தவரும் அந்த இடத்தில் இருந்தவர்களும் தம்மிடம் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்படாமல் 2017இல் வந்த சட்டம் பாதுகாக்கிறது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லி வையுங்கள். நண்பன் விழுந்து கிடக்கும்போது பொலிசுக்குப் பயந்து ஓடாமல் தொலைபேசியை எடுக்க அது உதவும்.